கன்டெய்னரில் போகும் குடித்தனம்

சென்னையிலிருந்து மெல்போர்னுக்குக் குடும்பத்தோடு நிரந்தரமாகப் போகிறவர்கள் விசா கைக்கு வந்த வாரமே கேட்கத் தொடங்கும் கேள்வி, வீட்டுச் சாமான்களை என்ன செய்வது என்பதுதான். விற்கலாம், உறவினருக்குக் கொடுக்கலாம், இல்லையென்றால் மொத்தத்தையும் கன்டெய்னரில் ஏற்றிவிடலாம். இந்த மூன்றாவது வழியைப் பற்றி நம்மவர்களிடம் இரண்டே பேச்சுதான் உண்டு. “எல்லாத்தையும் கொண்டுபோயிட்டோம், ஒரு கரண்டிகூட வாங்கலை” என்பார்கள் சிலர். “அந்தக் காசுக்கு அங்கேயே எல்லாம் புதுசா வாங்கியிருக்கலாம்” என்பார்கள் வேறு சிலர். இரு சாராரும் பட்டறிந்துதான் சொல்கிறார்கள். ஆனால் இருவர் கணக்கிலும் இருப்பது விலை மட்டுமே. என்னைக் கேட்டால், கன்டெய்னர் நல்ல ஏற்பாடு. அதைப் பயன்படுத்தும் நேரத்தில்தான் கோளாறு. போகிற ஊரைப் பற்றியும் குடியிருக்கப்போகும் வீட்டைப் பற்றியும் ஒன்றுமே தெரியாத வாரங்களில், எது வேண்டும் எது வேண்டாம் என்ற பெரிய முடிவை எடுத்துப் பூட்டி சீல் வைத்துவிடுகிறோம்.

கன்டெய்னரின் நல்ல பக்கத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். கன்டெய்னர் வருவதற்கு முன் வீட்டுச் சாமான் கடல் கடப்பது பெரும்பாடு. ட்ரங்குப் பெட்டியும் மரப்பெட்டியும் துறைமுகத்தில் வலைக்குள் வைத்துத் தூக்கப்பட்டு, கப்பலின் அடித்தளத்தில் அடுக்கப்பட்டு, மறுகரையில் அதே பாட்டோடு இறங்கும். உடைவதும் தொலைவதும் சகஜம். 1956 ஏப்ரல் 26 அன்று மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்க லாரித் தொழிலதிபர் ‘ஐடியல் எக்ஸ்’ என்ற கப்பலில் 58 பெட்டிகளை நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். சரக்கைத் தொடாமல் பெட்டியை மட்டும் கைமாற்றும் முறை அதன்பின் உலகம் முழுவதும் பரவியது. வீடு மாறுகிறவருக்கு இதில் கிடைத்த நன்மை பெரிது. முழுக் கன்டெய்னர் எடுத்தால், தெருவுக்குள் ட்ரெய்லர் நுழையும் இடமாயின், உங்கள் வாசலிலேயே சாமானை ஏற்றிக் கதவை மூடி, எண் பொறித்த சீலைப் போடுகிறார்கள். சுங்கத்துறையோ தனிமைப்படுத்தல் அதிகாரிகளோ சோதனைக்குத் திறந்தாலொழிய மறுகரை வரை வேறு யாரும் அதைத் திறப்பதில்லை.

இருபதடிக் கன்டெய்னரின் உட்புறம் ஏறத்தாழ 5.9 மீட்டர் நீளம், 2.35 மீட்டர் அகலம், 2.39 மீட்டர் உயரம். கணக்குப்படி 33 கன மீட்டர். ஆனால் மேசையும் அலமாரியும் செங்கல்போல் இடுக்கின்றி அடங்குவதில்லை என்பதால் 26, 28 கன மீட்டர்தான் கைக்குக் கிடைக்கும். இரண்டு படுக்கையறை வீட்டுச் சாமான் பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும். அவ்வளவு சாமான் இல்லாதவர்கள், பலர் சாமானோடு சேர்த்து அனுப்பும் பங்குக் கன்டெய்னரை நாடுகிறார்கள். தங்கள் பெட்டிகள் அடைத்துக்கொள்ளும் கன மீட்டருக்கு மட்டும் பணம்.

வீட்டுச் சாமானுக்குக் கப்பல் கூலி எடையால் அல்ல, பருமனால் என்பதைப் பலரும் பெட்டி கட்டும் நாளில்தான் உணர்கிறார்கள். இரண்டு மீட்டர் நீளமுள்ள மூன்று பேர் சோபா ஒன்றரைக் கன மீட்டருக்கு மேல் பிடிக்கும். அதே இடத்தில் முப்பது புத்தகப் பெட்டிகள் வைக்கலாம். ஒரு குடும்பம் இரண்டு தலைமுறையாகச் சேர்த்த தமிழ் நூல்கள் அதற்குள் அடங்கும். சோபா மெல்போர்னில் எந்தத் தெருவிலும் கிடைக்கும். மாநகராட்சி ஆட்கள் அள்ளிப்போக வீட்டு வாசலில் வைத்திருக்கும் நல்ல சோபாவை அண்டைவீட்டார் எடுத்துக்கொள்வது அங்கே வழக்கம். அறக்கட்டளைகள் நடத்தும் பழைய பொருள் கடைகளும் ஊருக்கு ஊர் உண்டு. ஆனால் அறுபதுகளில் அச்சான நாவல்களை அங்கே எந்தக் கடையிலும் தேட முடியாது. நம் வீடுகளில் பெட்டி கட்டும்போது நடப்பதோ நேர்மாறு. கட்டிலும் சோபாவும் அலமாரியும் “விலை கொடுத்து வாங்கினது” என்பதால் முதலில் ஏறுகின்றன. புத்தகம் “கனம்” என்று பழைய பேப்பர்காரருக்குப் போகிறது. விமானத்தில் கனம் பார்த்தே பழகிய கணக்கைக் கப்பலுக்கும் போடுகிறோம்.

பருமன் சிறியதாகவும் மாற்று இல்லாததாகவும் இருக்கும் பொருள்களுக்குக் கன்டெய்னரைப் போல உதவுவது வேறொன்றுமில்லை. பலா மரத்தில் குடைந்த தஞ்சாவூர் வீணையை விமானத்தில் கொண்டுபோவது நடுக்கம் தரும் காரியம். அளவெடுத்துச் செய்த மரப்பெட்டிக்குள் கடல்வழி போனால் அது நிம்மதியாகப் போய்ச் சேரும். பாட்டி காலத்து வெண்கலப் பானை, வருஷக்கணக்கில் பழகிய வார்ப்பிரும்புத் தோசைக்கல், குழிப்பணியாரக் கல், கொலுப்படியின் மரப்பாச்சிகள் எல்லாம் இந்த வகை. மெல்போர்னின் புறநகரான டான்டெனாங்கின் இந்தியக் கடைகளில் தோசைக்கல்லும் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் எண்ணெய் குடித்துப் பதமான கல்லும் புதுக்கல்லும் ஒன்றா என்று சமைக்கிறவரைக் கேட்டால் தெரியும். குழந்தைகளுக்கோ நன்மை இன்னும் கூடுதல். ஆறு வயதுப் பிள்ளைக்குப் பள்ளி, மொழி, தெரு, நண்பர்கள் எல்லாமே ஒரே மாதத்தில் மாறுகின்றன. அந்தப் பிள்ளையின் மேசையும் கதைப் புத்தகமும் போர்வையும் வந்து சேர்ந்தால் புது அறை அன்றே சொந்த அறையாகிறது. பிரித்த மறுநாளே பிள்ளையின் முகம் மாறியதைப் பல பெற்றோர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இதை ரூபாயில் கணக்கிட்டு ‘நஷ்டம்’ என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் ஆஸ்திரேலியாவுக்குப் போகிற கன்டெய்னரில் எதை ஏற்றலாம் என்பதை நம் பாசம் மட்டும் தீர்மானிப்பதில்லை. துறைமுகத்தில் இறங்கும் வீட்டுச் சாமானை அந்நாட்டு உயிரிப் பாதுகாப்புத் துறை பார்க்கிறது. பயணியின் துணையின்றித் தனியே வரும் சொந்தப் பொருள்களுக்கென்று தனிப் படிவம் உண்டு. அதில் மரச்சாமான், மூங்கில், இறகு, விதை, மண் ஒட்டிய பொருள் என்று ஒவ்வொன்றையும் கேட்பார்கள். நம் வீடுகளில் இவை எங்கெல்லாம் இருக்கின்றன என்று பார்த்தால்தான் சிக்கல் விளங்கும். கொலு பொம்மைகளை ஒவ்வோர் ஆண்டும் வைக்கோலில் பொதிந்து ட்ரங்குப் பெட்டியில் வைப்பது பழைய வீடுகளின் வழக்கம். பெட்டியை அப்படியே கன்டெய்னரில் ஏற்றினால் அந்த வைக்கோலே முதல் குற்றம். முறம், தென்னங்குச்சி விளக்குமாறு, மயிலிறகு விசிறி, மாவிலைத் தோரணம், சிவராத்திரிக்கு வாங்கிய ருத்ராட்சம் இவையெல்லாம் சோதனைக்கு உரியவை. அம்மிக்குழவி கல்தான், ஆனால் அதன் கொத்திய குழிகளுக்குள் காய்ந்த மாவும் மிளகுத் துணுக்கும் இருந்தால் கழுவும் கூலி உங்களுடையது. சோதனைக்கான கட்டணத்தையும் பொருளின் சொந்தக்காரரே கொடுக்க வேண்டும். பிடிபட்ட பொருளைச் சுத்தப்படுத்தலாம், திருப்பி அனுப்பலாம், அழிக்கலாம்; மூன்றும் உங்கள் செலவில்.

இது வெறும் கெடுபிடி என்று நம்மவர்கள் முணுமுணுப்பதை நான் ஏற்கவில்லை. கிடங்குத் தானியத்தை அரித்துத் தூளாக்கும் கப்ரா வண்டு நம் துணைக்கண்டத்துப் பூச்சி என்றே கருதப்படுகிறது. அதன் புழு உணவே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் விரிசல்களுக்குள் உயிரோடு கிடக்கும். 2007-ல் பெர்த் நகரில், ஸ்காட்லாந்திலிருந்து குடிபெயர்ந்து வந்த ஒரு குடும்பத்தின் வீட்டுச் சாமான்களோடு அது வந்திறங்கியது. அந்த வீடு முழுவதையும் உறையிட்டு மெத்தில் புரோமைடு வாயுவால் புகையூட்டினார்கள். கோதுமை ஏற்றுமதி செய்யும் நாட்டுக்கு அந்த ஒரு வீட்டின் ஆபத்து எவ்வளவு என்று நினைத்துப் பார்க்க வேண்டும். 2020 அக்டோபரிலிருந்து, துணையின்றி வரும் சொந்தப் பொருள்களோடு அரிசி, துவரை, பாசிப்பயறு, கொண்டைக்கடலை, சீரகம், கொத்தமல்லி விதை, காய்ந்த மிளகாய் போன்றவை வரக்கூடாது என்று ஆஸ்திரேலியா தடுத்துவிட்டது. ஊரிலிருந்து மளிகையை மூட்டை கட்டி அனுப்பும் பழக்கம் இதோடு முடிந்தது. கடலூரிலிருந்தோ தேனியிலிருந்தோ அம்மா பாசத்தோடு வைத்து அனுப்பும் ஒரு கிலோ மிளகாய், பங்குக் கன்டெய்னரில் முன்பின் தெரியாத பல குடும்பங்களின் சாமானையும் தாமதப்படுத்தக்கூடும். அந்தப் பொறுப்பு நமக்கு வேண்டும்.

மறுகரைச் சட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இக்கரைச் சட்டத்தை மறந்துவிடுகிறார்கள். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டப்படி நூறாண்டுக்கு மேற்பட்ட சிலை, ஓவியம் போன்றவற்றைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது; ஓலைச்சுவடி போன்ற கையெழுத்துப் பிரதிகளுக்கு வரம்பு 75 ஆண்டு. பூஜை அறையின் பழைய பஞ்சலோக விக்கிரகமும் கொள்ளுத்தாத்தா படித்த சுவடிக்கட்டும் ‘நம்ம வீட்டுப் பொருள்’ என்பதால் இதிலிருந்து தப்பிவிடாது. வயது குறைந்த பொருள்தான் என்றால் தொல்லியல் துறையிடம் அது தொல்பொருள் அல்ல என்ற சான்றை முன்கூட்டியே வாங்கிவிடுவது நல்லது. பெட்டி கட்டுகிற நிறுவனங்களில் எத்தனை பேர் இதை முதல் நாளே சொல்கிறார்கள்? என்னிடம் விசாரித்த குடும்பங்களில் அநேகமாக யாருக்கும் சொல்லப்படவில்லை.

மின்சாமான் விஷயம் ஊருக்கு ஊர் வேறு. ஆஸ்திரேலியாவில் நம்மைப் போலவே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பிளக் மாற்றினால் கோயம்புத்தூர் கிரைண்டர் அங்கேயும் அரைக்கும். கனடாவுக்கோ அமெரிக்காவுக்கோ போனால் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்குள்ள கிரைண்டரை ஓட்டக் கனமான மின்மாற்றி ஒன்றை அடுக்களையில் வைக்க வேண்டும். அந்த ஊர்களுக்கென்றே 110 வோல்ட் கிரைண்டர்கள் தயாராகின்றன. அதைத்தான் வாங்க வேண்டும்.

இனிக் காசு. இந்தத் தொழிலின் பெரிய குறை இங்கேதான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பங்குக் கன்டெய்னருக்கு மூன்று நிறுவனங்களிடம் விலை கேட்டால் ஒன்று மட்டும் பாதி விலை சொல்லும். மலிவாகத் தெரிவதன் காரணம், அது துறைமுகம் வரைக்குமான விலை. மறுகரையில் கன்டெய்னரைப் பிரித்துச் சாமானை வகைப்படுத்தும் கிடங்குக் கட்டணம், துறைமுகக் கையாளுதல், டெலிவரி ஆர்டர், சோதனை, புகையூட்டல், உள்ளூர் லாரிக்கூலி, மாடிப்படிக்குத் தனிக்கூலி எல்லாம் அந்தத் தாளில் இருக்காது. இங்கே குறைத்துச் சொன்ன கப்பல் கூலியை மறுகரை முகவர் இந்தக் கட்டணங்களில் எடுத்துவிடுகிறார். சரக்குத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஏற்பாடு இது. தெரியாதவர் குடிபெயரும் குடும்பம் மட்டுமே. பேரம் பேசவும் முடியாது. சாமான் அவர்கள் கிடங்கில், ஒவ்வொரு நாளும் வாடகை ஏறிக்கொண்டிருக்கும். வேலைக்குச் சேர்ந்து முதல் சம்பளம்கூட வராத நிலையில் கேட்டதைக் கட்டிவிட்டு வாங்கி வருவார்கள். ‘வீட்டிலிருந்து வீடு வரை, மறுகரைக் கட்டணம் அனைத்தும் உட்பட’ என்று எழுத்தில் இல்லாத விலையை விலையாகவே கருதக்கூடாது. அதோடு, வீட்டுக்கு வந்து அளந்து பார்க்காமல் தொலைபேசியில் கன மீட்டர் சொல்கிறவரையும் நம்பக்கூடாது. பெட்டி கட்டி முடித்ததும் அந்த அளவு வளர்ந்துவிடும்.

காப்பீட்டிலும் இதே கண்மூடித்தனம். உடைந்ததற்கு இழப்பீடு கிடைக்கும் என்று நினைத்துப் பலரும் மலிவான பாலிசியை எடுக்கிறார்கள். அது கப்பல் மூழ்கினாலோ எரிந்தாலோ மட்டுமே பெரிதும் உதவும். பரந்த பாதுகாப்புள்ள பாலிசி எடுத்தாலும், நாமே கட்டிய பெட்டிக்குள் உடைந்ததைப் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள். பட்டியலில் ‘அடுக்களைச் சாமான், ஒரு பெட்டி’ என்று எழுதியிருந்தால் உள்ளே உடைந்த பீங்கான் செட்டுக்கு என்ன விலை என்று நிரூபிப்பது யார்? எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அந்த அம்மா ஒரு நோட்டுப் புத்தகத்தில் பெட்டி எண் போட்டு, தட்டு எத்தனை, டம்ளர் எத்தனை, வாங்கிய ஆண்டு எது, இன்றைய விலை என்ன என்று நான்கு பத்தியாக எழுதி, ஒவ்வொரு பெட்டியையும் மூடும் முன் போட்டோ எடுத்து வைத்தார். பெட்டி கட்ட வந்த ஆட்கள் அலுத்துக்கொண்டார்கள். சுங்கத்துக்கும் சோதனைக்கும் காப்பீட்டுக்கும் அந்த ஒரே நோட்டு போதுமானதாக இருந்தது. பன்னிரண்டு மாதத்துக்கு மேல் சொந்தமாக வைத்துப் பயன்படுத்திய பொருளுக்குத்தான் ஆஸ்திரேலியாவில் வரி இல்லை. போவதற்கு முந்தைய மாதம் ஆடித் தள்ளுபடியில் வாங்கிய புதுப் பிரிட்ஜ் அதற்குள் வராது என்பதும் அந்த நோட்டிலிருந்தே அவருக்குத் தெரிந்தது.

லண்டனுக்கோ டொராண்டோவுக்கோ போகிறவர்கள் காப்பீட்டை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். கப்பலையும் சரக்கையும் ஆபத்திலிருந்து மீட்கச் செய்யும் அசாதாரணச் செலவைச் சரக்குச் சொந்தக்காரர்கள் எல்லோரும் அவரவர் சரக்கின் மதிப்புக்கேற்பப் பகிர வேண்டும் என்ற பழைய கடல் வழக்கம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. 2021 மார்ச் 23 அன்று சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கிய ‘எவர் கிவன்’ கப்பல் ஆறு நாளில் மிதந்துவிட்டாலும், எகிப்திலிருந்து கிளம்பியது ஜூலை 7-ல்தான். இடையில் அதில் சரக்கு வைத்திருந்தவர்களிடம் பங்குக்கான உத்தரவாதம் கேட்கப்பட்டது. கடல் காப்பீடு இருந்தவருக்கு நிறுவனம் கையெழுத்திடும். இல்லாதவர் தன் பாத்திரம் பண்டத்தை மீட்கத் தானே பணம் கட்ட வேண்டும். 2023 இறுதியில் செங்கடலில் கப்பல்கள் மீதான தாக்குதல்கள் தொடங்கிய பிறகு, ஐரோப்பா போகும் பல கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றின. பயணம் பத்து நாளுக்கும் மேல் நீண்டது.

நீளும் நாள்களில் பெட்டிக்குள் நடப்பது வேறு. ஐப்பசி மழையில் சென்னையில் மூடிய கன்டெய்னருக்குள் அந்த ஈரக்காற்றும் சேர்ந்தே பூட்டப்படுகிறது. பகலில் தகரம் காய்கிறது, இரவில் குளிர்கிறது; கூரையில் வியர்த்த நீர் துளித்துளியாகச் சாமான் மேல் விழுகிறது. புத்தகத்துக்கும் பட்டுப்புடவைக்கும் தோல் கருவிக்கும் இது கேடு. ஈரம் உறிஞ்சும் பைகளைச் சுவரோரம் தொங்கவிட்டு, பங்குனியிலோ சித்திரையிலோ பெட்டி கட்டினால் பெருமளவு தப்பலாம். மிருதங்கத்தை நன்றாகக் காயவைக்காமல் ஏற்றக்கூடாது.

நான் முதலில் சொன்ன நேரக் கோளாறுக்கு இங்கே வருகிறேன். சென்னையிலிருந்து கொழும்பிலோ சிங்கப்பூரிலோ கப்பல் மாறி, சோதனை முடிந்து, வீட்டு வாசலுக்கு வர இரண்டு, மூன்று மாதம் ஆகிவிடலாம். அதற்குள் குடும்பம் வாடகை வீட்டில் தரையில் படுத்துக்கொண்டிருக்காது. முதல் வாரமே மெத்தை, பிரிட்ஜ், வாஷிங் மெஷின், சாப்பாட்டு மேசை எல்லாம் வாங்கியாகிவிடும். அப்புறம் கன்டெய்னர் வரும். ஒரே வீட்டில் இரண்டு மெத்தை, இரண்டு மேசை. சில வீடுகளில் சென்னைச் சாமான் பிரிக்கப்படாமல் கார் நிறுத்தும் கொட்டகையில் கிடக்கிறது. ஆறு மாதம் வாழ்ந்து பார்த்தவருக்கு அடுப்பு இண்டக்ஷனா கேஸா, பித்தளையும் அலுமினியமும் அதில் சூடேறுமா, ஜன்னல் எத்தனை, புத்தக அலமாரிக்குச் சுவர் உண்டா எல்லாம் தெரியும். அவர் கேட்கும் சாமான் நான்கைந்து கன மீட்டருக்குள் அடங்கும், ஒவ்வொன்றும் பயன்படும்.

சட்டமும் அவகாசம் தருகிறது. பிரிட்டனில் குடிபெயர்ந்து பன்னிரண்டு மாதத்துக்குள் வரும் வீட்டுச் சாமானுக்கு வரிவிலக்கு கேட்க முடியும். கனடாவில் முதன்முதலில் இறங்கும் அன்றே ‘பின்னால் வரும் பொருள்கள்’ என்ற பட்டியலைச் சுங்க அதிகாரியிடம் கொடுத்துவிட்டால் சாமான் பிறகு வரலாம். அந்தப் பட்டியலைக் கொடுக்க மறந்தவர்தான் தவிக்கிறார். ஆகவே போகும் முன் செய்ய வேண்டிய வேலை பட்டியல் எழுதுவது. ஏற்றுவதற்கு அவசரம் இல்லை.

இதற்குச் சரியான எதிர்வாதம் ஒன்றுண்டு. சென்னையில் வாடகை வீட்டைக் காலிசெய்கிறவர் ஆறு மாதம் சாமானை எங்கே வைப்பார்? பெற்றோர் வீட்டில் ஓர் அறை உள்ளவருக்குச் சரி. மற்றவருக்குக் கிடங்கு வாடகைதான். ஆனால் கட்டிலும் சோபாவும் விற்றுப்போன பிறகு மிஞ்சும் நான்கைந்து கன மீட்டருக்கான வாடகை, இருபதடிக் கன்டெய்னரின் செலவோடு ஒப்பிட்டால் சிறிதுதான். சாமானை வைத்துக்கொள்ள யாரும் இல்லாதவர், இடம் மாறிக்கொண்டே இருக்கும் வேலையில் இருப்பவர், வீடு முன்பே வாங்கியாகிவிட்டவர் ஆகியோருக்கு முழுக் கன்டெய்னரை முதல் நாளே அனுப்புவதும் நியாயம்தான். 1983 இனக்கலவரத்துக்குப் பின் யாழ்ப்பாணத்திலிருந்து டொராண்டோவுக்கும் பாரிசுக்கும் போனவர்களில் பலருக்கு எதையும் அனுப்பிவைக்கும் வாய்ப்பே இருக்கவில்லை. ஆற அமர யோசித்து அனுப்ப முடிகிற நாம் அந்த வசதியை அவசரத்தில் வீணாக்குவது எனக்கு வருத்தம் தருகிறது.

அவசரத்தின் இன்னொரு வேர் வேலை கொடுக்கும் நிறுவனங்களில் இருக்கிறது. இடமாற்றச் செலவை நிறுவனமே ஏற்கும்போது, பணிக்குச் சேரும் தேதியை ஒட்டிச் சாமான் கிளம்ப வேண்டும் என்று பல ஒப்பந்தங்கள் நிபந்தனை வைக்கின்றன. இலவசம்தானே என்று குடும்பம் வீட்டையே பெயர்த்து ஏற்றுகிறது. அந்த வேலை இரண்டாண்டில் போனால் திரும்பி வரும் கன்டெய்னருக்கு யாரும் பணம் தருவதில்லை. பணி ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் கேட்டுப் பெற வேண்டியது ஒன்று இருக்கிறது: அதே தொகையை, பணியில் சேர்ந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் எப்போது வேண்டுமானாலும், சாமான் அனுப்பவோ அங்கே வாங்கவோ பயன்படுத்தலாம் என்ற ஒரு வரி. நிறுவனத்துக்கு இதில் கூடுதல் செலவு இல்லை.